நீலப் பக்கத்தில் ஓலைப்பெட்டியைச் சுற்றி வெள்ளைக் கோடு ஏன் வருகிறது?

பாம்பனில் சங்குப் பொருள்களும் பனை ஓலைப் பெட்டிகளும் விற்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் இங்கே கேட்டிருப்பது இது. அவர்களுடைய கடைக்கான இணையப் பக்கம் மேலே கடல் நீலத்திலும் கீழே மணல் நிறத்திலும் அமைந்திருக்கிறது. பொருள்களை வெள்ளைத் துணிமேல் வைத்துப் படமெடுத்து, பின்னணியை நீக்கி அந்தப் பக்கத்தில் வைத்தால் ஓலைப்பெட்டியைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறது, சங்கின் விளிம்பு கடித்தெடுத்தது போலிருக்கிறது, வலை நூலில் பின்னிய பையின் கண்கள் அடைத்துக்கொள்கின்றன. பக்கம் அமைக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீக்கிய இடமெல்லாம் கறுப்பாகிவிடுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சங்கையும் இப்படி எடுக்க முடியுமா என்றும், எந்த மென்பொருளை வாங்கினால் இவையெல்லாம் சரியாகும், படக் கோப்பு வடிவங்களில் பிஎன்ஜி நல்லதா வெப்பி நல்லதா என்றும் கேட்கிறார். இவற்றில் மென்பொருள் பற்றிய பகுதிக்கு விடை சிறியது: இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதும், எதையும் வாங்க வேண்டியதில்லை. அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, பொருள் முடிந்து பின்னணி தொடங்கும் அந்த மெல்லிய எல்லையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். ராமநாதபுரத்தில் பல ஆண்டுகளாகப் புகைப்படம் எடுத்தும், அச்சுக்கும் இணையத்துக்கும் படங்களைத் தயாரித்துக் கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில் இதை விரிவாக எழுதுகிறேன்.

கணினியில் ஒரு வண்ணப் படம் என்பது பிக்சல்களின் வரிசை. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவும் பெரும்பாலும் 0 முதல் 255 வரையான எண்களாக எழுதப்பட்டிருக்கும். பின்னணி நீக்கிய படத்தில் இவற்றோடு நான்காவது எண் ஒன்று சேர்கிறது. அதற்கு ஆல்பா என்று பெயர். ஆல்பா 255 என்றால் அந்தப் பிக்சல் முழுமையாகத் தெரியும். 0 என்றால் அது தெரியாது, அடியிலுள்ள பக்கத்தின் நிறமே தெரியும். இடைப்பட்ட எண் என்றால் அந்த விகிதத்தில் இரண்டும் கலந்து தெரியும். இந்த ஏற்பாட்டை 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் உருவாக்கினார்கள். 1984இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவர் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கும் கணக்கை முறைப்படுத்தி வெளியிட்டார்கள். பொருளின் நிறத்தை ஆல்பா விகிதத்தாலும், அடியிலுள்ள நிறத்தை மீதி விகிதத்தாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும் என்ற அந்தக் கணக்கைத்தான் இன்றைய உலாவிகளும் செய்கின்றன.

இப்போது அந்த வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். புகைப்படத்தில் பெட்டியின் விளிம்பு ஒரு பிக்சலின் எல்லையோடு சரியாகப் பொருந்தி முடிவதில்லை. விளிம்பு கடந்து போகும் பிக்சலில் பாதி ஓலையும் பாதி துணியும் விழும், கேமரா இரண்டையும் கலந்து ஒரே நிறமாகப் பதிவு செய்யும். கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒரே ஒரு நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓலையின் அளவு 120, வெள்ளைத் துணியின் அளவு 255 என்றால் அந்த விளிம்புப் பிக்சலில் ஏறக்குறைய 188 பதிவாகியிருக்கும். பக்கத்தின் நிறம் 40 என்று கொண்டால், அந்த இடத்தில் வரவேண்டிய சரியான அளவு 120க்கும் 40க்கும் நடுவிலுள்ள 80. நீங்கள் அந்தப் பிக்சலை அப்படியே விட்டுவைத்தால் 188 தெரியும். அதுதான் உங்கள் வெள்ளைக் கோடு. அதன் ஆல்பாவைச் சரியாகப் பாதியாகக் குறைத்தாலும், உள்ளே இருக்கும் நிறம் இன்னும் துணி கலந்த 188 ஆகவே இருப்பதால், 188க்கும் 40க்கும் நடுவிலுள்ள 114 வரும். கோடு மங்கும், மறையாது. ஆகவே விளிம்பில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைத் திருத்துவது ஒன்று, பழைய பின்னணியின் நிறத்தை அந்தப் பிக்சலிலிருந்து வெளியேற்றுவது மற்றொன்று. பெரும்பாலோர் முதல் வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. என் பார்வையில் அதுவே இந்த விஷயத்தில் மிகவும் பயனுள்ளது. விளிம்பில் தங்கிப்போகும் பழைய பின்னணியின் நிறம், புதிய பின்னணியின் நிறத்துக்கு நெருக்கமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் பக்கம் நீலமும் மணல் நிறமும் கொண்டது. நீங்களோ இரண்டுக்கும் தொலைவான வெள்ளையில் வைத்துப் படமெடுத்திருக்கிறீர்கள். நடுத்தரச் சாம்பல் நிற அட்டையிலோ துணியிலோ வைத்து எடுத்திருந்தால், அதே கவனக்குறைவோடு வெட்டினாலும் விளிம்பில் மிஞ்சுவது மெல்லிய நிழல் போலத் தோன்றியிருக்கும். ஆகவே பின்னணி நீக்கும் வேலை மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே, துணியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது, அல்லது பாதி கெட்டுவிடுகிறது.

சங்கின் விளிம்பு கடிபட்டதற்கும் காரணம் அதே துணிதான். மேல்தோல் நீக்கி மெருகேற்றிய சங்கு வெள்ளை, துணியும் வெள்ளை; இரண்டுக்கும் இடையே எண்ணளவில் வேறுபாடே இல்லாத இடங்களில் மென்பொருளால் எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது, அது சங்குக்குள் புகுந்து வெட்டிவிடும். மனிதக் கண் வடிவத்தை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். எண்களை மட்டும் பார்க்கும் கருவி அப்படிச் செய்யாது. சிலர் இதற்காகப் பச்சைத் துணியைச் சொல்வார்கள். திரைப்படத்தில் மனிதர்களை எடுக்க அது பொருந்தும், சங்குக்குப் பொருந்தாது. மெருகேற்றிய சங்கின் வளைந்த பரப்பு சுற்றியுள்ள நிறத்தை வாங்கிக்கொள்ளும். பச்சைத் துணியில் வைத்தால் அடிவயிறு முழுவதும் பச்சை படிந்துவிடும், அதை எடுப்பது விளிம்பைத் திருத்துவதைவிடக் கடினம். சாம்பல் நிறம் எந்தச் சாயலையும் ஏற்றாது. முழுக் கறுப்பும் வேண்டாம்: கறுப்புப் பரப்பு படத்தில் அதிகமாக இருந்தால் கைப்பேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், சங்கின் வரிகளெல்லாம் வெளுத்துப்போகும். எந்தத் துணியானாலும் திரையில் சங்கின்மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைச் சிறிது குறைத்து எடுங்கள். வெளுத்துப்போன இடத்தில் இல்லாத விவரத்தை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது.

நம் கரையோரத்து வெளிச்சம் இந்த வேலைக்கு எளிதானதன்று. நண்பகலில் மணலிலிருந்தும் நீரிலிருந்தும் மேல்நோக்கி வரும் ஒளி பொருளின் அடிவிளிம்பைத் தின்றுவிடும். எல்லை எங்கே என்று கண்ணாலேயே சொல்ல முடியாது. காலை வேளையில், கீற்றுப் பந்தலின் நிழலில், திறந்த பக்கத்தை நோக்கிப் பொருளை வைத்து எடுத்தால் ஒளி சீராக விழும். பொருளைத் துணியோடு ஒட்டி வைக்காமல், கீழே ஒரு சிறு கட்டையோ தலைகீழாகக் கவிழ்த்த கிண்ணமோ கொடுத்து உயர்த்தி, பின்துணியைச் சில அடிகள் தள்ளிக் கட்டினால், பொருளின் நிழல் துணியில் விழாது, துணியின் ஒளியும் பொருளின்மேல் ஏறாது. ஆடிக் காற்றிலும் வாடையிலும் துணி படபடக்கும். அதற்கு அட்டை மேல். உப்புக் காற்றில் லென்ஸில் படியும் மெல்லிய படலம் விளிம்புகளில் மங்கிய ஒளிவட்டத்தை உண்டாக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு எடுப்பது நல்லது. கைப்பேசியின் போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிடுங்கள். அது பின்னணியைச் செயற்கையாக மங்கலாக்கும்போது, தனக்குத் தோன்றிய இடத்தில் பொருளின் விளிம்பையும் சேர்த்து மங்கலாக்கிவிடும்.

இனி வெட்டும் முறை. கிம்ப்பில் படத்தைத் திறந்ததும் லேயர், அதாவது பட அடுக்கு, என்ற பட்டியலில் டிரான்ஸ்பரன்சி என்பதன் கீழ் ஆட் ஆல்பா சேனல் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசிகள் வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் வடிவப் படத்தில் ஆல்பா கிடையாது என்பதால், இதைச் செய்யாமல் அழித்தால் அழித்த இடத்தில் கருவிப்பெட்டியிலுள்ள பின்னணி நிறம் நிரம்பும். பலர் இந்த முதற்படியிலேயே தடுமாறுகிறார்கள். அடுத்து, சங்கு, பெட்டி போன்ற தெளிவான வடிவங்களுக்கு, நிறத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் மந்திரக்கோல் வகைக் கருவியைவிட, பாத்ஸ் கருவியால் விளிம்பை ஒட்டிப் புள்ளிகள் வைத்து வளைகோடு வரைவது நேரம் பிடித்தாலும் சுத்தமாக வரும். கோட்டை விளிம்பின்மேல் சரியாகப் போடாமல், ஒரு பிக்சல் அளவு பொருளின் உட்பக்கமாகப் போடுங்கள். பாதை முடிந்ததும் அதைத் தேர்வாக மாற்றி, ஒரு பிக்சல் அளவு ஃபெதர் கொடுத்து, அதாவது ஓரத்தை மென்மையாக்கி, அந்தத் தேர்விலிருந்து லேயர் மாஸ்க் என்ற மறைப்பை உண்டாக்குங்கள். அழிப்பானால் நேரடியாக அழிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. மாஸ்க்கில் வெள்ளை பூசினால் தெரியும், கறுப்புப் பூசினால் மறையும். தவறாக மறைத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கிம்ப்பின் சொந்தக் கோப்பான எக்ஸ்சிஎஃப் வடிவில் இதைச் சேமித்து வைத்துக்கொண்டு, பக்கத்துக்கான படத்தை மட்டும் தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

ஓலைப்பெட்டியில் ஓலை விளிம்பிலிருந்து நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றையெல்லாம் மழித்தெடுத்தாற்போல் வெட்டிவிட்டால் பெட்டி பிளாஸ்டிக்கில் செய்ததுபோல் தோன்றும். கையால் முடைந்த பொருளுக்கு அந்த நார்களே சாட்சி என்பதால் அவற்றைக் காப்பாற்றுவதற்காகச் சிறிது உழைப்பது தகும். இங்கேதான் மேலே சொன்ன இரண்டாவது வேலை வருகிறது. மாஸ்க்கை லேயரோடு இணைத்த பிறகு, லேயர்களின் பட்டியலில் லாக் ஆல்பா என்ற பூட்டை அழுத்துங்கள். இப்போது எங்கே தூரிகை வைத்தாலும் நிறம் மாறுமே தவிர, ஆல்பா மாறாது. விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கும் ஓலையின் நிறத்தை எடுத்து, மென்மையான தூரிகையால் விளிம்பின்மேல் ஓட்டினால், அந்த 188 மெல்ல 120ஐ நோக்கி வரும். நார் அப்படியே இருக்கும், அதில் ஒட்டியிருந்த வெள்ளை போய்விடும். சாயம் தோய்த்த ஓலைகள் மாறி மாறி வரும் பெட்டியில் ஒரே நிறத்தைப் பூசாமல், குளோன் கருவியால் பக்கத்திலிருந்தே நகலெடுத்துப் பூச வேண்டும். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையைச் செய்ய மேட்டிங் என்ற பட்டியலில் டிஃப்ரிஞ்ச், ரிமூவ் ஒயிட் மேட் என்ற கட்டளைகள் உண்டு. அவை விரைவானவை, ஆனால் கையால் பூசும்போது கிடைக்கும் கட்டுப்பாடு அவற்றில் இல்லை.

கிம்ப்பில் கலர் டு ஆல்பா என்றொரு கட்டளை இருப்பதைப் பலர் எடுத்துச் சொல்வார்கள். அது குறிப்பிட்ட ஒரு நிறத்தைப் படம் முழுவதிலிருந்தும் பிரித்தெடுத்து, அந்த அளவுக்கு ஆல்பாவைக் குறைக்கும். விளிம்பிலுள்ள கலப்பு நிறத்தை அது கணக்கிட்டுத் திருத்தும் விதம் உண்மையிலேயே அழகானது. ஆனால் அது விளிம்போடு நிற்பதில்லை. பெட்டியின் நடுவில் பளபளக்கும் ஓலையிலும் சிறிது வெள்ளை இருக்கும். அங்கும் ஆல்பா குறைந்து, நீலப் பக்கத்தில் வைத்தவுடன் பெட்டியின் உடம்பில் நீலம் கசிந்து தெரியும். ஆகவே அந்தக் கட்டளையை விளிம்பை ஒட்டிய ஒரு குறுகிய பட்டைக்கு மட்டும் தேர்வு செய்து பயன்படுத்த வேண்டும். சங்குக்கு, வெள்ளைத் துணியில் எடுத்த படமாயின், அதைத் தொடவே கூடாது.

வலை நூல் பைக்குப் பாதை வரைவது நடவாத காரியம். ஒவ்வொரு கண்ணையும் சுற்றி வர முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. பையை ஒரு கோலில் தொங்கவிட்டு, பின்னால் சீராக ஒளி விழும் வெளுத்த துணியையோ மேகம் மூடிய வானத்தையோ வைத்து, நூல் கறுத்துத் தெரியும்படி எடுங்கள். இந்த ஒரு பொருளுக்கு மட்டும் வெள்ளைப் பின்னணி உதவும், ஏனென்றால் நூலின் வண்ணத்தைப் பிறகு நாம் தனியாகப் பூசிக்கொள்ளப் போகிறோம். கிம்ப்பில் லேயர் மாஸ்க் சேர்க்கும்போது கிரேஸ்கேல் காப்பி ஆஃப் லேயர் என்பதையும் இன்வெர்ட் மாஸ்க் என்பதையும் தேர்ந்தெடுத்தால், படத்தில் வெளுத்த இடம் மறையும், கறுத்த இடம் தெரியும். அதாவது கண்கள் திறந்துகொள்ளும், நூல் நிற்கும். பிறகு மாஸ்க்கின்மேல் லெவல்ஸ் கருவியால் சாம்பல்களைச் சற்று இரு பக்கமும் தள்ளி, நூலைத் திடமாக்கிக்கொள்ளலாம். முடிவில் லேயர்மேல் நூலின் உண்மையான வண்ணத்தைப் பூசிவிடுங்கள். பையின் கைப்பிடி, தைத்த துணி போன்ற திடமான பகுதிகளை மாஸ்க்கில் வெள்ளை பூசி முழுமையாக்க வேண்டும். ஈரமான நைலான் நூலில் ஒளி பட்டுப் பளிச்சிடும் இடங்கள் இந்த முறையில் ஓட்டையாகிவிடும் என்பதால், உலர்ந்த பையைத்தான் எடுக்க வேண்டும்.

தானாகவே பின்னணியை நீக்கும் செயலிகளையும் தளங்களையும் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று, தயங்கிச் சொல்ல வேண்டியது ஒன்று. மனித உருவம், பெட்டி, பாத்திரம் போன்றவற்றில் அவை இன்று நன்றாகவே வேலை செய்கின்றன. பின்னலின் துளைகள், வலைக் கண்கள், வெள்ளையின்மேல் வெள்ளை ஆகியவற்றில் தடுமாறுகின்றன. இதை எவரும் சில நிமிடங்களில் சோதித்துப் பார்க்கலாம். எந்தச் செயலி சிறந்தது என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிற விஷயம், அதில் என் சொல்லை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். அவற்றைப் பயன்படுத்துவதானால், வெட்டிய படத்தை முடிவாகக் கொள்ளாமல், கிம்ப்பில் திறந்து விளிம்பின் நிறத்தைத் திருத்தும் வேலைக்குத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். இலவசமாக இறக்கும்போது பல தளங்கள் சிறிதாக்கப்பட்ட படத்தையே தருகின்றன என்பதால் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிழலைப் பற்றிக் கேட்கவில்லை; ஆனால் பின்னணி நீக்கிய பொருள் பக்கத்தில் மிதப்பது போலத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். பழைய நிழலை வெட்டி ஒட்டுவதைவிட, பொருளுக்கு அடியில் புதிய லேயரில் கறுப்பு நிறத்தில் ஒரு நீள்வட்டம் வரைந்து, நன்றாக மங்கலாக்கி, லேயரின் ஒபாசிட்டியை, அதாவது அது தெரியும் அளவை, கால் பங்கு அளவுக்குக் குறைத்துவிடலாம். நிழலின் பிக்சல்கள் அரை ஒளிபுகும் கறுப்பாக இருப்பதால், அதே படம் நீலத்தின்மேல் கருநீல நிழலையும் மணல் நிறத்தின்மேல் பழுப்பு நிழலையும் தானாகவே தரும்.

கோப்பு வடிவத்துக்கு வருகிறேன். ஜேபெக்குக்கு ஆல்பா இல்லை. அது இந்த வேலைக்கு ஆகாது. ஜிஃப்பில் 1989ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஒளிபுகும் வசதி உண்டு, ஆனால் 256 நிறங்களுக்குள் ஒன்றை மட்டுமே மறைக்க முடியும். ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், நடு நிலை கிடையாது. ஆகவே சங்கின் வளைவு படிக்கட்டாகத் தெரியும். ஜிஃப் பயன்படுத்தும் சுருக்க முறையின் காப்புரிமைச் சிக்கலே பிஎன்ஜி உருவாகத் தூண்டுதலாயிற்று. 1996இல் அது இணையத் தரமாக ஏற்கப்பட்டது. ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு ஆல்பா அதில் உண்டு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 6ஆம் பதிப்பு அதைச் சரியாகக் காட்டாததால், பழைய குறிப்புகளில் பலவகைச் சுற்றுவழிகளைப் படித்திருப்பீர்கள்; 2006இல் வந்த 7ஆம் பதிப்பிலேயே அது தீர்ந்துவிட்டது, அந்த உலாவியின் ஆதரவும் 2022இல் முடிந்துவிட்டது. அந்தக் குறிப்புகள் எதையும் இன்று பின்பற்ற வேண்டாம்.

பிஎன்ஜியின் குறை அதன் எடை. 1000 பிக்சல் அகலமும் 1000 உயரமும் கொண்ட ஆல்பா படத்தைச் சுருக்காமல் வைத்தால் 40 லட்சம் பைட்டுகள். பிஎன்ஜி எதையும் இழக்காமல் சுருக்குவதால், ஓலைப் பின்னல் போன்ற நுணுக்கமான பரப்புகளில் அது பெரிதாக இளைக்காது. கூகுள் 2010இல் அறிவித்த வெப்பி வடிவத்தில், நிறங்களைச் சிறிது இழப்போடும் ஆல்பாவை இழப்பின்றியும் சேர்த்து வைக்க முடியும். இத்தகைய படங்கள் பிஎன்ஜியைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவில் அடங்கும் என்று கூகுள் சொல்கிறது. 2020இல் ஆப்பிளின் சஃபாரியும் அதை ஏற்றுக்கொண்ட பிறகு, புழக்கத்திலுள்ள உலாவிகள் அனைத்திலும் அதை நம்பி வைக்கலாம். கடற்கரையில் நின்று, கைப்பேசி இணைப்பு மெலிந்த இடத்தில் உங்கள் பக்கத்தைத் திறக்கும் யாத்திரிகருக்கு இந்த வேறுபாடு பெரியது. ஆகவே என் யோசனை: மூலப் படத்தை எக்ஸ்சிஎஃப்பிலும் பிஎன்ஜியிலும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வெப்பியை இடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இழப்போடு சுருக்கும் வெப்பி, நிறத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் பதிக்கிறது, சிவப்புச் சாயம் தோய்த்த ஓலைக் கீற்றின் ஓரங்கள் சற்றுக் கலங்கித் தெரிந்தால், அந்தப் படத்துக்கு மட்டும் இழப்பில்லாத வெப்பியைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் 400 பிக்சல் அகலத்தில் தோன்ற வேண்டிய படத்தை 800 அகலத்தில் தயாரித்தால், இக்காலக் கைப்பேசித் திரைகளில் கூர்மையாக இருக்கும். வெட்டுவதைப் பெரிய அளவில் முடித்துவிட்டு, கடைசியில் சிறிதாக்குங்கள். சிறிதாகும்போது விளிம்பின் சிறு பிழைகளும் சேர்ந்து அடங்கிவிடும்.

வாட்ஸ்அப் சிக்கல் இப்போது தானாகவே விளங்கும். புகைப்படமாக அனுப்பும்போது அது படத்தை ஜேபெக்காக மாற்றிவிடுகிறது, ஆல்பா உதிர்ந்துபோகிறது. முழுதாக மறைந்திருந்த பிக்சல்களுக்கும் சிவப்பு, பச்சை, நீல எண்கள் உண்டு. பல மென்பொருள்கள் அங்கே மூன்றையும் 0 என்று எழுதிவைப்பதால், ஆல்பா போனவுடன் கறுப்பு வெளிப்படுகிறது. தம்பிக்கு அனுப்பும்போது கோப்பாக, அதாவது டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். அது மாறாமல் போய்ச்சேரும். அதே காரணத்தால், வாட்ஸ்அப்பில் புகைப்படமாக வந்த படத்தை வெட்டத் தொடங்க வேண்டாம். ஜேபெக் சுருக்கம் விளிம்பைச் சுற்றித்தான் அதிகச் சிதறலை உண்டாக்கும். மீண்டும் மீண்டும் சுருக்கிய படத்தில் அது இரட்டிப்பாகும்.

மறைந்த பிக்சலுக்கும் நிறம் உண்டு என்பதில் இன்னோர் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. கிம்ப்பில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும்போது, ஒளிபுகும் பிக்சல்களின் நிறங்களையும் சேமிக்கும் ஒரு பெட்டி இருக்கும். அது குறியிடப்பட்டிருந்தால், நீங்கள் மறைத்த பின்னணி கோப்புக்குள்ளேயே முழுதாக இருக்கக்கூடும். ஆல்பாவை நீக்கிப் பார்க்கத் தெரிந்த எவரும் அதைக் காணலாம். வீட்டுத் திண்ணையில் வைத்து எடுத்த படத்தில் குழந்தைகளோ வண்டி எண்ணோ பின்னால் இருந்தால், அந்தக் குறியை எடுத்துவிட்டே ஏற்றுமதி செய்யுங்கள்.

கடையின் பெயர்ப்படத்துக்குப் பிக்சல் படமே தேவையில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து, கோடுகளையும் வடிவங்களையுமே பதிக்கும் எஸ்விஜி கோப்பாகச் சேமித்தால் பின்னணி என்ற ஒன்று தொடக்கத்திலிருந்தே இராது, எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கூர்மையாக இருக்கும். தமிழ் எழுத்துகள் இருந்தால், அவற்றை ஆப்ஜெக்ட் டு பாத் கட்டளையால் வடிவங்களாக மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும். இல்லையேல் பார்ப்பவரின் கருவியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறோர் எழுத்துரு வந்து நிற்கும். வடிவமாக மாறிய எழுத்தைத் தேடுபொறியோ, திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளோ படிக்காது என்பதால், பக்கத்தில் அந்தப் படத்துக்குரிய மாற்று உரையில் கடையின் பெயரைத் தமிழில் எழுதிவையுங்கள். கருநீல எழுத்துகள் கொண்ட பெயர்ப்படம், இருள் முறையில் பக்கத்தைப் பார்ப்பவருக்குக் காணாமற்போகும். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெளிர் கோடு கொடுத்தால் இரண்டிலும் தெரியும். பக்கத்தின் இணைப்பைப் பகிரும்போது தோன்றும் சிறுபடத்துக்கு மட்டும், நிறம் நிரப்பிய ஜேபெக் ஒன்றைத் தனியே தயாரித்துக் கொடுங்கள். அங்கே ஒளிபுகும் பகுதியை ஒவ்வொரு செயலியும் தன் விருப்பப்படி நிரப்பும்.

சில படங்களுக்குப் பின்னணி நீக்கும் வேலையையே தவிர்க்கலாம். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் மிக்ஸ் பிளெண்ட் மோட் என்பதற்கு மல்டிப்ளை என்று கொடுத்தால், வெள்ளைப் பின்னணி கொண்ட ஜேபெக் படம் அடியிலுள்ள நிறத்தோடு பெருக்கப்பட்டு, வெள்ளை மறைந்துவிடும். உங்கள் மணல் நிறப் பகுதியில் ஏற்கெனவே எடுத்த ஓலைப்பெட்டிப் படங்களுக்கு இது போதுமானதாக இருக்கலாம். முதலில் இதைச் செய்து பாருங்கள். நீலப் பகுதியில் இது உதவாது, பெட்டியும் நீலமாகிவிடும். சங்குக்கு எந்தப் பகுதியிலும் உதவாது, ஏனென்றால் சங்கின் வெள்ளையையும் அது பின்னணியின் வெள்ளையாகவே நடத்தும்.

சரிபார்க்கும்போது கட்டம் கட்டமான சாம்பல் பின்னணியை நம்பாதீர்கள். மென்பொருள் அதை ஒளிபுகும் இடத்தின் அடையாளமாகக் காட்டுகிறது. இணையத்தில் இறக்கும் பல படங்களிலோ அந்தக் கட்டங்கள் படத்தின் பகுதியாகவே வரையப்பட்டிருக்கும். கிம்ப்பில் படத்துக்கு அடியில் புதிய லேயர் சேர்த்து, கருநீலம், வெளிர் மணல், அடர் சிவப்பு என்று மாற்றி மாற்றி நிரப்பிப் பாருங்கள். வெள்ளைக் கோடு கருநீலத்தில் தெரியும், கறுத்த அழுக்கு மணல் நிறத்தில் தெரியும், பச்சையோ நீலமோ படிந்திருந்தால் சிவப்பில் தெரியும்.

கடைசியாகக் கேட்டது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சங்கு. இதை இந்த முறையில் உண்மையாகச் செய்ய முடியாது. ஆல்பா என்பது ஒரு பிக்சலில் அடியிலுள்ள நிறம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். கண்ணாடியின் மூலைகளில் ஒளி வளைந்து, பின்னால் உள்ளது இடம் மாறித் தெரிவதைச் சொல்ல அதில் இடமில்லை. கண்ணாடிப் பரப்புக்கு அரை ஆல்பா கொடுத்து ஒப்பேற்றலாம், ஆனால் அது பாலிதீன் உறை போலத் தோன்றும், வாங்குபவர் கையில் பெறும் பொருளுக்கு அது நியாயமான படமாகாது. அந்தப் பெட்டிகளை மட்டும், உங்கள் பக்கத்தின் மணல் நிறத்துக்கு நெருங்கிய நிறமுள்ள அட்டையின்மேல் வைத்து, பின்னணியோடு சேர்த்தே எடுத்து, செவ்வகப் படமாக அப்படியே இடுங்கள்.